ஆலோசகர்களுக்கு ஆசிரியர் யார்?

கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் முற்பகலில், மதிய உணவுக்கான சமையற்கட்டில் எழுந்த நெருப்பு மாடியின் கீற்றுக் கூரையைப் பற்றி 94 குழந்தைகளைப் பலிகொண்ட துயரத்தை இவ்வூர் இன்னும் மறக்கவில்லை. ஐந்து மாதங்கள் கழித்து, டிசம்பர் 26ஆம் நாள், காவிரி கடலோடு கலக்கும் கரையோரத்தில் ஆழிப்பேரலை எழுந்து, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. இறந்தோரை எண்ணி முடிப்பதற்குள், எஞ்சியோரின் மனத்தை ஆற்றுவது யார் என்ற கேள்வி எழுந்தது. பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்து நிபுணர்கள் கடற்கரைக் கிராமங்களுக்கு வந்து, ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் தொண்டர்களுக்கும், துயருற்றவர் பேச்சைச் செவிமடுக்கும் முறையைக் குறுகிய காலப் பயிற்சியாகக் கற்பித்தார்கள்.

அப்பயிற்சியின் பயனை எவரும் குறைத்து மதிப்பிடமுடியாது. எனினும் பயிற்சி முடிந்து, குழந்தையை இழந்த தாயொருத்தியின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்த ஓர் இளம் தொண்டர், அன்று மாலை தம் மனத்தில் தங்கிவிட்ட பாரத்தை யாரிடம் இறக்கிவைப்பார், தாம் சொன்ன சொல் தகுமா தகாதா என்று யாரிடம் கேட்பார், அடுத்த வாரம் அதே வீட்டுக்குள் எவ்விதம் நுழைவது என்பதை யாரிடம் கற்பார்? ஆலோசகருக்குப் பின்னால் நின்று அவரைப் படிப்பிக்கவும், திருத்தவும், தாங்கவும் வல்ல ஆசிரியரை உண்டாக்கும் கல்வி நம்மிடையே உண்டா என்பதே இக்கட்டுரை ஆராயப்புகும் விஷயம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'ஆலோசகர் கல்வியும் மேற்பார்வையும்' என்ற பெயரில் டாக்டர் பட்டம் வரை நடைபெறுவது இக்கல்வியே.

துறை வளர்ந்த வரலாறு

பிறர் துயரைக் கேட்டு ஆற்றுபவருக்கு, அவர் பணியைக் கேட்டுத் திருத்தும் ஒருவர் வேண்டும் என்ற எண்ணம், உள்ளப்பகுப்பாய்வு இயக்கத்தில்தான் முதலில் ஒழுங்கான வடிவம் பெற்றது. 1920இல் பெர்லின் நகரில் தொடங்கிய இலவச சிகிச்சை நிலையத்தில் மாக்ஸ் ஐட்டிங்கனும் அவர் சகாக்களும், பயிற்சி பெறுவோர் தம் மனத்தைத் தாமே ஆராய்தல், சாஸ்திரம் பயிலுதல், மூத்தவர் மேற்பார்வையில் சிகிச்சை அளித்தல் என்ற மூன்று அங்கங்களை நிலைநாட்டினார்கள். அமெரிக்காவிலோ இத்துறை வேறொரு வாசல் வழியாக வந்தது. பாஸ்டன் நகரில் 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய தொழில் வழிகாட்டும் அலுவலகம் அதன் ஆரம்பம். 1940களில் கார்ல் ரோஜர்ஸ், ஆலோசனை உரையாடல்களை இசைத்தட்டில் பதிவுசெய்து, மாணவர்கள் அவற்றைச் சொல் சொல்லாகக் கேட்டுக் கற்கும்படி செய்தது அதன் அடுத்த பெரும் படி. மூடிய அறைக்குள் நடந்தது என்ன என்பதை ஆலோசகரின் ஞாபகத்தைக் கொண்டே அறிய வேண்டியிருந்த நிலைமை அன்றோடு மாறிற்று.

1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை வானில் ஏவியதும், தன் பள்ளிப் பிள்ளைகளின் திறமை வீணாகிறதோ என்று அஞ்சிய அமெரிக்க அரசாங்கம், மறு ஆண்டே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, பள்ளி ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பெரும்பணம் ஒதுக்கியது. ஆலோசகர்கள் பெருகவே, அவர்களைக் கற்பிக்கும் பேராசிரியர்களும் வேண்டியவர்களாயினர். அதற்கெனத் தனி டாக்டர் பட்டம் வேரூன்றியது. 1981இல் அமைந்த கேக்ரெப் என்னும் தரச்சான்று மன்றம் இப்படிப்புகளுக்கு விதிமுறை வகுத்தது. 2013ஆம் ஆண்டு முதல், அம்மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற துறைகளில் புதிதாக நிரந்தர ஆசிரியராக வருவோர், பெரும்பாலும் இப்பட்டம் பெற்றவராகவே இருக்கவேண்டும் என்ற நியதியும் ஏற்பட்டது.

பட்டத்தின் உள்ளடக்கம்

இப்பட்டத்துக்குப் படிப்பவர், முதுகலையில் ஆலோசனைக் கலையைக் கற்றுத் தேர்ந்தவராகவே உள்ளே வருகிறார். அவருக்கு ஐந்து துறைகளில் தேர்ச்சி வேண்டப்படுகிறது: ஆலோசனை, மேற்பார்வை, கற்பித்தல், ஆராய்ச்சி, தலைமையேற்றுப் பொதுநலம் பேசுதல். வகுப்புப் பாடங்களோடு, 100 மணி நேரத் தொடக்கப் பயிற்சியும், அவ்வைந்தில் மூன்று துறைகளிலாவது அமையும் 600 மணி நேரத் தொடர்பயிற்சியும், இறுதியில் ஆய்வேடும் உண்டு. முதுகலை மாணவர் நடத்திய ஆலோசனையின் பதிவை, டாக்டர் பட்ட மாணவர் வாரந்தோறும் அவருடன் அமர்ந்து கேட்கிறார். அவ்விருவர் பேச்சையும் பேராசிரியர் கேட்கிறார். இவ்வாறு கேட்பவரைக் கேட்பவரும், அவரையும் கேட்பவருமாக ஒரு வரிசை அமைந்திருப்பதே இப்படிப்பின் உயிர்நிலை.

மேற்பார்வையாளர் என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றிய சிந்தனையும் ஆழமாக வளர்ந்திருக்கிறது. ஜானின் பெர்னார்ட் 1979இல் முன்வைத்த கொள்கைப்படி, மேற்பார்வையாளர் சமயத்துக்கேற்ப மூன்று நிலைகளில் நிற்கிறார்: தெரியாததைக் கற்பிக்கும் ஆசிரியராக, ஆலோசகரின் சொந்தக் கலக்கத்தைத் தெளிவிக்கும் ஆலோசகராக, சமமாக அமர்ந்து யோசிக்கும் தோழராக. புதிதாய் வந்தவருக்குக் கைபிடித்து நடத்துதலும், தேர்ந்தவருக்கு விலகி நின்று பார்த்தலும் வேண்டும் என்ற படிநிலைக் கொள்கைகளும் பின்னர் எழுந்தன. தஞ்சை மண்ணில் வாய்ப்பாட்டும் நாதஸ்வரமும் கற்ற சீடர்கள், குருவின் எதிரே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, பிசகிய இடத்திலேயே திருத்தம் பெற்றுத் தேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

நம் நாட்டின் நிலை

உளவியல் நம் நாட்டுக்குப் புதிய சரக்கு அல்ல. கல்கத்தாவில் 1916இலும், மைசூரில் 1924இலும், சென்னையில் 1943இலும் பல்கலைக்கழக உளவியல் துறைகள் தோன்றின. இந்தியாவில் உளவியலுக்கு வழங்கப்பட்ட முதல் டாக்டர் பட்டமெனக் கருதப்படுவது, மன அமுக்கம் என்ற கருத்தை ஆராய்ந்த கிரீந்திரசேகர் போஸ் 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பெற்றது. மனத்தை ஆற்றும் கலையையே பொருளாகக் கொண்டு நம் டாக்டர் பட்ட மரபு தொடங்கிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பள்ளி ஆலோசனையைப் பற்றியும் நம் பெரியோர் காலத்தே சிந்தித்தனர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளில் வழிகாட்டும் அலுவலர்களும் தொழில்வழி ஆசிரியர்களும் வேண்டுமென்று பரிந்துரைத்தது. 1964இல் அமைந்த கோத்தாரிக் குழு, வழிகாட்டுதல் கல்வியின் பிரிக்கவொண்ணாத பகுதி என்று வற்புறுத்தியது. அப்பரிந்துரைகள் ஏடுகளில் நின்ற அளவுக்குப் பள்ளிகளில் நிற்கவில்லை. வேலூரில் 1971இல் தொடங்கிய கிறிஸ்தவ ஆலோசனை மையம், 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் நிறுவிய சென்னை சமூகப்பணிப் பள்ளி, தற்கொலைத் தடுப்புக்கென 1986இல் தோன்றிய சிநேகா முதலிய ஸ்தாபனங்களே இக்கலையை மண்ணில் நடத்திக் காட்டின. சமூகப்பணிப் பள்ளிகளின் களப்பணி மேற்பார்வை, இத்துறைக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய முன்மாதிரி எனலாம்.

ஆலோசகர்களைப் பெருந்தொகையாக நியமித்த அனுபவமும் நமக்கு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு, அரசு மருத்துவமனைகளில் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசும் ஆலோசகர்கள் நாடு முழுவதும் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்குப் பயிற்சியும் பணியிட மேற்பார்வையும் அளிக்க, உலக நிதியத்தின் உதவியோடு டாடா சமூக அறிவியல் நிறுவனம் நடத்திய 'சாக்ஷம்' திட்டம், மேற்பார்வையின்றி ஆலோசனை நிலைக்காது என்பதை நம் நாட்டுச் சூழலிலேயே உணர்ந்து செய்த முயற்சியாகும்.

சட்டத்தின் நிலை இன்னும் தெளிவடையவேண்டும். 1992ஆம் ஆண்டு மறுவாழ்வுக் குழுமச் சட்டம் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவுசெய்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் அவர்களை இனங்காண்கிறது. ஆலோசகர் என்ற பெரும் வகுப்போ நெடுங்காலம் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறவில்லை. 2021ஆம் ஆண்டு இணைநலத் தொழிலாளர் ஆணையச் சட்டம், நடத்தைசார் நலத் தொழில்களின் வரிசையில் ஆலோசகர்களையும் சேர்த்ததால், பயிற்சிக்கும் பதிவுக்கும் பொது நியதி ஏற்பட வழி பிறந்திருக்கிறது. நியதி வந்தால் அதைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற பிரச்சினை அப்பொழுது இன்னும் கூர்மையடையும்.

இங்கே டாக்டர் பட்டம் நாடுவோர் உளவியல், சமூகப்பணி, கல்வியியல் ஆகிய துறைகளின் வழியே செல்கின்றனர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்தது 3 ஆண்டுக் காலம், 12 அலகுகளுக்குக் குறையாத பாடப்பயிற்சி, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு என்பன அதன் அங்கங்கள். பணியில் இருப்போர் பகுதிநேரமாகப் பயிலவும் இடமுண்டு. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றோர்க்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. பட்ட மாணவர் வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தலிலோ ஆராய்ச்சி உதவியிலோ ஈடுபடலாம் என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. இவற்றால் தேர்ந்த ஆராய்ச்சியாளர் உருவாகலாம். ஆனால் ஆய்வு நெறியாளர் மேற்பார்ப்பது ஆய்வேட்டை. மாணவர் ஒரு துயருற்றவரோடு பேசும் பேச்சையோ, அவர் இன்னோர் இளைய ஆலோசகரைத் திருத்தும் திருத்தத்தையோ மேற்பார்க்கும்படி எந்த விதியும் அவரைக் கேட்பதில்லை. ஆலோசனை அறையில் ஒரு மணி நேரமும் அமராமலே, ஆலோசகர்களுக்குப் பேராசிரியராகிவிட முடியும் என்பதே நம் முறையின் பெருங்குறை.

காவிரிப் படுகையில் மேற்பார்வை

2015–16இல் நிமான்ஸ் நிறுவனம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடன் இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறாமலிருப்பதாகவும் கண்டது. இப்படுகையின் துயரங்களுக்கோ தனிக் காரணங்களும் உள்ளன. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துச் சம்பாப் பயிர் கருகியபோது, டெல்டா விவசாயிகள் பலர் மனமுடைந்து மாண்ட செய்திகள் வந்துகொண்டிருந்தன. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரைகடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. பேசுவதற்கு அழைப்பு எண்கள் இப்போது உண்டு. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 தமிழிலும் பதில் சொல்கிறது. அந்த அழைப்பை எடுப்பவர் எவரிடம் கற்றார் என்பதைப் பொறுத்தே அச்சேவையின் மதிப்பு அமைகிறது.

நம் ஊரில் மேற்பார்வையாளர் கவனிக்கவேண்டியவை, அமெரிக்கப் பாடநூலில் கிடைக்கக்கூடியவை அல்ல. இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி ஆலோசகராக உட்கார்ந்திருக்க, குறுவையும் சம்பாவும் கண்ட அறுபது வயது மிராசுதாரர் எதிரே வந்து அமர்ந்தால், அவர் தம் மனத்தைத் திறக்க எவ்வளவு காலம் பிடிக்கும், அப்பெண் எந்தச் சொல்லால் அவரை அழைப்பது உசிதம் என்பது முதற் பிரச்சினை. நடவுக்குப் போகும் தொழிலாளிப் பெண்மணியை ஆலோசகர் 'நீ' என்று ஒருமையில் அழைத்துவிட்டால், அவ்வோரெழுத்திலேயே ஜாதியின் பழைய உயர்வு தாழ்வு அறைக்குள் நுழைந்துவிடுகிறது. ஆலோசகருக்கு அது தெரியாமலே நடக்கிறது. பதிவைக் கேட்கும் மேற்பார்வையாளர் ஒருவரே அதை எடுத்துச் சொல்லமுடியும். மருமகளின் துயரைச் சொல்ல மாமியார் கூடவே வந்து, கேள்விக்கெல்லாம் தாமே விடை சொல்லும்போது, முதியவரை அவமதிக்காமல் இளையவளுக்குப் பேசும் வாய்ப்பை அளிப்பது ஒரு தனிக் கலை. நாலு தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் உறவோ பழக்கமோ ஆகிவிடும் சிற்றூரில், கேட்டதை மனத்துக்குள் வைத்துக் காக்கும் ரகசியக் கடமையும் நகரத்தைவிடப் பன்மடங்கு கடினமாகிறது.

இவற்றோடு, ஆலோசகரின் சொந்த மனத்தையும் காக்கவேண்டும். இரவெல்லாம் பிறர் துயரைச் சுமந்து விழித்திருப்பவர் சில ஆண்டுகளில் உணர்ச்சி மரத்துப் போவதும், பணியைவிட்டு ஓடிவிடுவதும் எங்கும் காணப்படுவதே. வாரம் ஒரு மணி நேரம் அவர் பேச்சைக் கேட்க ஒருவர் இருந்தால், அந்த இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

மொழியும் ஆராய்ச்சியும்

தமிழில் இக்கல்வி நடக்குமா என்று ஐயுறுவோர் யாழ்ப்பாணத்தைப் பார்க்கவேண்டும். போரும் இடப்பெயர்வும் சூழ்ந்த காலத்திலேயே, டாக்டர் தயா சோமசுந்தரம் முதலியோரின் முயற்சியால், சாந்திகம் என்னும் நிறுவனம் உளவளத்துணையாளர்களைத் தமிழிலேயே பயிற்றுவித்தது. சமூகப் பணியாளர்களுக்கான கைநூல்களும் தமிழில் எழுதப்பட்டன. குண்டு விழும் ஊரில் செய்யமுடிந்ததைக் கும்பகோணத்தில் செய்யமுடியாதென்பது பொருந்தாது.

ஆராய்ச்சிக்கும் இம்மண்ணில் பொருள் நிறைய உண்டு. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்றில், நிமான்ஸைச் சேர்ந்த ஆர். ரகுராமும் அவர் சகாக்களும், தமிழ்நாட்டின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆராய்ந்து, சராசரியாக ஆறு வாரத் தங்கலில் அவர்களது நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் தணிந்ததாகக் கண்டார்கள். முந்திய ஆண்டு ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டதும் இதே நாட்டில்தான். நம் மக்களின் நம்பிக்கைகளில் எது ஆற்றுகிறது, எது அழிக்கிறது என்பதைப் பகுத்தறியும் பொறுப்பு, மக்களின் மொழியையும் பழக்கவழக்கங்களையும் அறிந்த ஆராய்ச்சியாளருக்கே உரியது. கோயிலுக்கு வருவோரோடு ஆலோசகர் எவ்விதம் பேசுவது, அதை எவ்விதம் மேற்பார்ப்பது என்பதே ஒரு டாக்டர் பட்டத்துக்குத் தக்க ஆய்வுப் பொருளாகும்.

ஆட்சேபங்கள்

வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்லும் நாட்டில் பட்டம் பெற்ற ஆலோசகர் எதற்கு, அவருக்கும் மேலே ஒரு டாக்டர் எதற்கு என்று கேட்போர் உண்டு. பெரியவர் சொல்லின் பெருமையை நான் முழுமனத்தோடு ஒப்புகிறேன். ஆனால் துயரத்தின் காரணமே அவ்வீட்டுக்குள் இருக்கும்போது, அதை அவ்வீட்டாரிடம் சொல்லமுடியாத பெண்ணும் மாணவனும் எங்கே போவார்கள்?

பட்டம் பெற்றவர் கிராமத்தைவிட்டு நகரத்துக்கும், நகரத்தைவிட்டு அயல்நாட்டுக்கும் போய்விடுவார் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் இப்பட்டம் பெறச் செல்வோர், அந்நாட்டு மக்களின் துயரத்தை, அந்நாட்டு மொழியில், அந்நாட்டுச் சட்டத்துக்குட்பட்டு மேற்பார்க்கவே பழகுகிறார்கள். திரும்பிவந்தால், கற்றதில் பாதியை நம் ஊருக்கேற்பப் புதிதாய்க் கற்கவேண்டியிருக்கும். ஆகவே அவர்கள் சிலர் சென்றுவருவது நன்று. அதையே நம் தேவைக்கு வழியாக நம்பியிருப்பது நன்றன்று.

மூன்றாவது ஆட்சேபம், நல்ல மேற்பார்வையாளராக டாக்டர் பட்டம் அவசியந்தானா என்பது. அனுபவத்தால் முதிர்ந்த பலர் பட்டமின்றியே சிறந்த மேற்பார்வையாளராக விளங்குகிறார்கள்; அவர்கள் மேற்பார்வை செய்யும் உரிமையைப் பறிப்பது அநியாயமாகும். ஆனால் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம் வகுக்கவும், அடுத்த தலைமுறை ஆசிரியரை உருவாக்கவும், நம் மேற்பார்வை முறைகள் பயன் தருகின்றனவா என்று சோதிக்கவும் பட்டம் பெற்றவர் வேண்டியவராகிறார். அந்தப் பட்டம் ஆலோசனை அறையின் வழியாகப் பெறப்பட்டதாக இருக்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

முடிபு

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, புதிய பெயரோடு புதிய பட்டமொன்றை உடனே ஏற்படுத்தவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை என்றும், இருக்கின்ற டாக்டர் பட்டத்தின் உள்ளே மேற்பார்வைப் பயிற்சியைக் கட்டாயமாக நுழைப்பதே முதற்கடமை என்றும் தெளிவாகிறது. திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் இப்படுகையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. கும்பகோணத்தில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. கல்லூரிகளும் பள்ளிகளும் நிரம்பியிருக்கின்றன. இவை ஒன்றுகூடி, ஆலோசனைத் துறையில் ஆராயும் ஒவ்வொரு டாக்டர் பட்ட மாணவரும், ஆய்வேட்டோடு, குறித்த மணி நேரம் தாமே ஆலோசனை நடத்தியும், குறித்த மணி நேரம் இளைய ஆலோசகர்களைத் தமிழில் மேற்பார்த்தும் தேறவேண்டும் என்று விதி செய்யலாம்; துயருற்றவர் சம்மதத்தோடும், அடையாளம் மறைத்தும் ஆன பதிவுகளைக் கொண்டு தமிழில் பாடநூல்கள் எழுதலாம். இதற்குப் புதிய கட்டடமோ பெரும் பொருளோ வேண்டியதில்லை. பாடத்திட்டக் குழுக்களின் துணிவும், பேராசிரியர்கள் வாரம் சில மணி நேரம் ஒதுக்கும் மனமும் போதும்.

இத்துறையில் டாக்டர் பட்டம் நாடும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆய்வேட்டுத் தலைப்பைத் தேடுமுன், உங்கள் ஆலோசனையை வாரந்தோறும் கேட்டுத் திருத்த இசையும் மூத்தவர் ஒருவரைத் தேடுங்கள். அவர் கிடைத்தபின், உங்களுக்குப் பின்வரும் ஒருவருக்கு நீங்கள் அவ்வாறே செவிகொடுங்கள். பல்கலைக்கழகம் விதி செய்யும் வரை காத்திராமல், இன்றே தொடங்கக்கூடிய கல்வி அது.